கட்டுச்சோறும் பந்தியும்

கட்டுச்சோறு என்பது வழிச்செல்வாரும் வெளியிடத்துக் கூடுவாரும் வீட்டிலே சமைத்து, இலையிலோ துணியிலோ கலத்திலோ கட்டிக்கொண்டு செல்லும் உணவாம். இதனைப் பண்டையோர் பொதிசோறு என்றும் ஆற்றுணா என்றும் வழங்கினர். சைவப் பெருமக்கள் கட்டமுது என்றனர். ஆறு என்பது ஈண்டு வழியைக் குறிக்கும். ஆற்றங்கரையில் இருந்து உண்ணும் உணவே ஆற்றுணா என்று மாணாக்கர் சிலர் எம்மிடம் விடை கூறியதுண்டு. ஆடிப் பதினெட்டை நினைக்குங்கால், அவ்விடையை முற்றும் அடித்துவிட எமக்கு மனம் வருவதில்லை.

நம் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் அணுகுந்தோறும், உணவை ஒப்பந்தக்காரரிடம் விடுவதா, அன்றிக் குடும்பத்தார் தத்தம் வீட்டினின்று ஒவ்வொரு வகை கொணர்ந்து கூட்டியுண்பதா என்னும் வினா எழுகின்றது. அதனைச் செலவுக் கணக்காகவே பேசி முடித்துவிடுகின்றோம். அவ்வழக்கத்திற்கு நெடிய வரலாறு ஒன்று உண்மையின், அதனை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துள் கட்டமுது இருமுறை சிறப்புற வருகின்றது. பசித்து வருந்தி வழி நடந்த திருநாவுக்கரசருக்குத் திருப்பைஞ்ஞீலி செல்லும் நெறியில் இறைவன் மறையவர் வடிவில் பொதிசோறு கொண்டு காத்திருந்தமை ஒன்று. சீகாழிக்கு அணித்தாகிய திருக்குருகாவூர் வழியிற் பந்தர் அமைத்து, சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்குத் தண்ணீரும் பொதிசோறும் அளித்தமை மற்றொன்று. சுந்தரர் அதனைத் தாமே உண்ணாது உடன்வந்த தொண்டரோடும் இருந்து உண்டார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மூட்டை கட்டுங்கால் ஒருவர்க்கு உரியதாய் இருந்தது, அவிழ்க்குங்கால் பலர்க்கு உரியதாயிற்று.

இனி, அம்மூட்டையுள் இருப்பது யாதென்று காண்பாம். எல்லாச் சோறும் கட்டுச்சோறாகாது. சாம்பார்ச் சோறு நண்பகலுக்குள் நெகிழ்ந்து கெடும். புளியோதரையோ இரண்டு நாளும் தாங்கும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் கடலைப்பருப்பும் மிளகாயும் தாளித்து, மஞ்சளும் உப்பும் பெருங்காயமும் கூட்டி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்குமளவும் காய்ச்சி, இறக்குந் தறுவாயில் வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் கொத்துமல்லி விதையையும் தூவுவர். உதிர் உதிராக வடித்த சோற்றை அகன்ற தாம்பாளத்திற் பரப்பி ஆறவிட்டு, நல்லெண்ணெய் தெளித்துப் பின்னரே கலப்பர். புளிப்பும் உப்பும் எண்ணெயும் சோற்றைக் காக்கும். நீர்ப்பசையே அதனைக் கெடுக்கும். இந்நுட்பத்தை நம் பாட்டிமார் எந்த நூலையும் கல்லாமலே அறிந்திருந்தனர்.

இதில் இடும் மிளகாய் நம் நாட்டிற்குப் புதியது. 1498-ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் போர்ச்சுகீசியர் வாயிலாக அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தது. அதற்குமுன் காரம் என்றால் மிளகே. பெருமாள் கோயில் மடைப்பள்ளிகள் சிலவற்றில் புளியோதரைக்கு இன்றும் மிளகையே இடுவர். வேர்க்கடலையும் அவ்வழி வந்ததே. ஆகவே, 'பழைய முறைப்படி' என்று சொல்லிக்கொண்டு வேர்க்கடலையை வாரி இடுவாரைக் கண்டால் எமக்குச் சிறிது நகை தோன்றும். சுவை நன்றாயிருத்தலின் வாய் திறவோம்.

எலுமிச்சஞ் சோறு எளிதினும் எளிது. சாற்றை அடுப்பின்மேல் வைத்துக் காய்ச்சினால் கசக்கும். தாளிப்பை இறக்கிய பின்னரே பிழிதல் வேண்டும். தேங்காய்ச் சோறு அன்றைய நண்பகலுக்கு மட்டும் உரியது. தயிர்ச்சோற்றின் திறமே வேறு. குழைய வேகவைத்து மசித்த சோற்றில், காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலை நிரம்ப ஊற்றி, ஒரு கரண்டித் தயிரை உறையாக இட்டு, உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்த்து மூடிவிட்டால், நாம் வழி நடக்கும்போதே அது தோய்ந்துகொண்டிருக்கும். உண்ணும் வேளைக்குப் புளிப்பேறாது பதமாய் அமையும். தொடுகறிக்கு மாவடுவும் நாரத்தை ஊறுகாயும் போதும். அப்பளம் நமத்துவிடுமாதலின் வேண்டா.

இவ்வகைச் சோறுகளைச் சித்திரான்னம் என்பர். சூலுற்ற மகளுக்குத் தாய்வீட்டார் பலவகைச் சோறு சமைத்துக் கொண்டுசென்று ஊட்டும் சடங்கிற்கே கட்டுச்சோறு என்னும் பெயர் பல ஊர்களில் வழங்குகின்றது. ஆயினும் இவற்றின் பெருநாள் ஆடிப் பதினெட்டேயாம். காவிரியிற் புதுவெள்ளம் வரும் அந்நாளில் வீடுதோறும் சோறு கட்டிக் கரைக்குச் சென்று, நீரை வழிபட்டு, மணலில் அமர்ந்து உண்பர். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவெய்திய பின்னர், சோழநாட்டார்க்கு அவ்வெள்ளம் மழையையேயன்றி மதகையும் பொறுத்ததாயிற்று. ஜூன் 12-ஆம் நாள் நீர் திறப்பது வழக்கமாயினும், நீர் குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். அவ்வாண்டுகளில் மக்கள் குழாயடியில் வழிபாடு முடித்துக்கொள்வதும் உண்டு. கட்டுச்சோறு மட்டும் நின்றதில்லை.

அக்கரையில் நிகழ்ந்த மற்றொன்றையும் மறையாது கூறல் வேண்டும். ஒரு பாயில் அமர்ந்தோர் மூன்று நான்கு வீட்டுச் சோற்றையும் மாற்றி மாற்றி உண்பர்; பத்தடி அப்பால் அமர்ந்த பிற சாதியாரின் கலத்தில் கை வைக்க மாட்டார். நீர் பொது, மணல் பொது, சோறு மட்டும் வேறு. புளியோதரையின் செய்முறை இரு பாயிலும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

இவ்வேலியை உடைத்தோர் பெருவிருந்து வைத்து உடைத்தாரல்லர். மலையாள நாட்டில், கொச்சி அரசைச் சார்ந்த செறாய் என்னும் ஊரில் 1917-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், சகோதரன் ஐயப்பன் என்னும் இளைஞர் ஈழவரையும் புலையரையும் ஒருங்கே இருத்திச் சோறு உண்பித்தார். அதற்குக் கறி, கடலையும் பலாக்கொட்டையும் சேர்த்துச் சமைத்த எளிய கறியேயாம். அவ்வளவிற்கே அவருடைய சாதியார் சபை அவரை விலக்கிற்று. ஊரார் 'புலையன் ஐயப்பன்' என்று இகழ்ந்தனர். அப்பெயரை அவர் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். நம் நாட்டிலோ, சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர் தனித்து உண்டமை பற்றி 1924, 1925-ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் காங்கிரஸ் கட்சியையே கலக்கிற்று. ஒரு கவளச் சோற்றிற்கு இத்துணை ஆற்றல் உண்டென்பதைச் சபைகள் அறிந்தே இருந்தன, ஆதலினன்றோ அஞ்சின.

நம்முடையதும் ஒரு சாதியார் சபையே. இவ்வரலாற்றை நமக்குப் புறம்பானதென்று தள்ளுதற்கில்லை. ஒப்பந்தக்காரரின் சமையலில் குறை காண்பது எம் நோக்கமன்று. அதில் யார் சோற்றை யார் உண்டார் என்னும் வினாவே எழாது. அதனாலேயே அது நமக்கு எளிதாகவும் இருக்கின்றது. வீட்டுச்சோறு கொணர்ந்தால் அவ்வினா எழும். எழுவது நன்று என்பதே எம் கருத்து.

கூட்டம் முடிந்தபின் மண்டபம் கூட்டித் துப்புரவு செய்ய வருவார்க்கு, எஞ்சியதை இலையிற் கட்டிக் கொடுத்தனுப்புவது நம்மிடை உள்ள வழக்கம். அவர்களை முதற்பந்தியிலேயே நம்மோடு ஒருங்கிருத்தலை விலக்கும் விதி நம் சபை விதிகளுள் உண்டோ என்று செயலாளரைக் கேட்டோம். ஒன்றும் இல்லை என்றார். ஆகவே, இம்முறை குடும்பந்தோறும் வழக்கமான அளவினும் இருவர்க்கு மிகையாகச் சோறு கட்டிக் கொணருமாறு வேண்டுகின்றோம். தயிர்ச்சோறு கொணர்வோர் பாலைச் சற்றே மிகுதியாக ஊற்றுக. மண்டபத்தில் நண்பகல் வெப்பம் கடிது.