ஷார்ட் ஷிஃப்டர்

ஷார்ட் ஷிஃப்டர் என்பது, கையால் கியர் போடும் கார்களில் கியர் லிவரின் வீச்சைக் குறைப்பதற்காகத் தனியே வாங்கிப் பொருத்தும் உதிரிபாகம். குறுவீச்சுக் கியர் மாற்றி என்று தமிழில் சொல்லலாம். ஒர்க்‌ஷாப்பில் அப்படி யாரும் சொல்வதில்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு ஐந்து விரல் அகலம் நகர்ந்த குமிழ், இதைப் போட்டபின் நாலு விரல் அகலத்திலேயே நின்றுவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு விரலுக்காகத்தான் காசு செலவழிக்கிறார்கள்.

லிவர் ஒரு நெம்புகோல். கிணற்று ஏற்றத்துக்கு உள்ள கணக்குதான் இதற்கும். குமிழிலிருந்து சுழல்மையம் வரை 200 மி.மீ., மையத்துக்குக் கீழே 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5-க்கு 1. கீழ்முனை 20 மி.மீ. நகர வேண்டுமானால் கை 100 மி.மீ. நகர வேண்டும். மையத்தை 10 மி.மீ. மேலே தூக்கினால் மேல்பகுதி 190, கீழ்ப்பகுதி 50 ஆகிவிடும். கை 76 மி.மீ. நகர்ந்தாலே கியர் விழும். ஆனால் கீழ்முனையை நகர்த்த 5 கிலோ அழுத்தம் வேண்டுமென்றால், முன்பு கை கொடுத்தது 1 கிலோ, இப்போது 1.3 கிலோவுக்குச் சற்று மேல். தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கட்டியாக வேண்டும். விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

லிவரின் தலையை வெட்டிக் குட்டையாக்கினாலும் கை நகரும் தூரம் குறையும். ஆனால் சாயும் கோணம் மாறாது, விசை மட்டும் கூடும். லேத்தில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை என்பதால் இதையே ஷார்ட் ஷிஃப்டர் என்று நம்பி ஓட்டுபவர்களும் உண்டு.

எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரம் உந்தும் கார்களில், லிவர் பெரும்பாலும் கியர் பாக்ஸின் தலையிலேயே அல்லது அதிலிருந்து நீளும் ஒரு குட்டை ராடில் உட்காரும். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, பிறகு ஹோண்டா எஸ்2000 ஆகியவை ஆலையிலிருந்தே குறுவீச்சோடு வந்து பேர் வாங்கியதற்கு இந்த நேரடித் தொடர்பு ஒரு காரணம். அமெரிக்காவில் 1950-களின் கடைசியில் தொடங்கிய ஹர்ஸ்ட் நிறுவனம், இழுவைப் பந்தயக்காரர்களுக்கு மாற்று லிவர் விற்றே வளர்ந்தது. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சின் குறுக்கே கிடக்கும். லிவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ராடோ இரண்டு கேபிள்களோ ஓடும். இவற்றில் மாற்றத்தை எந்த முனையிலும் செய்யலாம். லிவரின் கீழ்ப்பகுதியை நீட்டலாம். அல்லது கியர் பாக்ஸ் மேலுள்ள கையில் கேபிள் மாட்டும் இடத்தை அச்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவரலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள உறவு சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் தெரியும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 1999 முதல் ஐகான் வெளிவந்தது. அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டி, ஓட்டுவதில் ருசி கண்டவர்களின் கைக்குப் போய், இன்றும் பழைய வண்டிச் சந்தையில் தேடப்படுகிறது. அந்த ஆலையில் கார் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. சற்றுத் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007 முதல் கார்களைப் பூட்டி வருகிறது. ஆனால் அந்நிறுவனத்தின் எம்2, ஆறு கியர் கைமாற்றுடன் 2023-இல் இந்தியாவுக்கு வந்தபோது முழுவண்டியாக இறக்குமதியாகவே வந்தது. பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும் பந்தயத் தடமும் ஒரே ஊரில் உள்ளன. 1990-இல் திறந்த அந்த 3.7 கி.மீ. தடம் வருமுன் பந்தயங்கள் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தன.

தடத்தில் ஷார்ட் ஷிஃப்டருக்கு வேலை இருக்கிறது. சாலையில்? படாளம் கூட்டுரோட்டில் பிரிந்து வேடந்தாங்கல் போகும் வழியில் ஏரிக்கரையும் வேகத்தடையும் ஆட்டுமந்தையுமாக வரும். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு என்று கை ஓயாது. அங்கே குறுவீச்சு சுகம்தான். அதே காரை மாலையில் தாம்பரம் நெரிசலில் ஓட்டினால் அந்தக் கூடுதல் விசை மணிக்கட்டில் தெரியும்.

பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் வேடந்தாங்கல். ஷிஃப்டரோடு சேர்த்து லிவர் மூட்டில் போடும் கெட்டி புஷ்களின் குணத்தை அப்படிப்பட்ட அமைதியில்தான் கேட்க முடியும். ஆலையில் போடும் ரப்பர் புஷ் கியர் பாக்ஸின் அதிர்வை விழுங்கிவிடும். பாலியூரித்தேன், பித்தளை, அலுமினியம் எல்லாம் அதை அப்படியே மேலே அனுப்பும். குமிழ் நடுங்கும், மூன்றாவது கியரில் மெல்லிய ஊளை கேட்கும்.

ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது புஷ்ஷைத்தான். 'கியர் எங்கே விழுதுன்னே தெரியல' என்று வரும் பழைய வண்டிகளில் வீச்சைவிடத் தேய்மானமே பெரும்பாலும் குற்றவாளி. குமிழை இரண்டு விரலால் பிடித்து, கியரில் இருக்கும்போதே பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் போதும். தாராளமாக ஆடினால் புஷ் போய்விட்டது, அல்லது கேபிள் தளர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் மேலே ஷார்ட் ஷிஃப்டர் போட்டால், அதே ஆட்டம் இன்னும் குறுகிய வீச்சுக்குள் வந்து கியர் இடமே பிடிபடாமல் போகும். சில நூறு ரூபாய் புஷ்ஷில் முடிய வேண்டியதைப் பல ஆயிரத்தில் மறைப்பது வீண்.

அடுத்தது சின்க்ரோ. பெரும்பாலும் பித்தளையில் செய்த இந்த வளையம், கியர் இணையும் முன் இரண்டு பக்கச் சுழற்சியையும் உரசி ஒன்றாக்குகிறது. அதற்கு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் வேண்டும். வீச்சு குறைந்ததும் கை வளையத்தை முந்திக்கொண்டு அழுத்தும். கரகரவென்ற சத்தம் அதன் புகார். ஷிஃப்டர் சின்க்ரோவைக் கெடுப்பதில்லை, அவசரம் கெடுக்கிறது. ஆனால் அவசரப்படத்தானே ஷிஃப்டர் வாங்குகிறார்கள்.

முன்பின் வீச்சோடு குறுக்கு வீச்சையும் குறைக்கும் மாடல்களில் இன்னொரு ஆபத்து உண்டு. ஐந்திலிருந்து நாலுக்கு இறக்க நினைத்து இரண்டில் போட்டுக் கிளட்சை விட்டால், சக்கரமே எஞ்சினை எல்லைக்கு மேல் சுழற்றும். சுழற்சி வரம்புக் கருவி எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வு பிஸ்டனில் மோதினால் எஞ்சினே போகும்.

பொருத்துவது, காரைப் பொறுத்து, ஒரு மணி நேர வேலையாகவும் இருக்கும், ஒரு நாள் வேலையாகவும் இருக்கும். கேபிள் வண்டியில் நடு கன்சோலைக் கழற்றினால் பாதி முடிந்தது. பின்சக்கர வண்டியில் சைலன்சர் குழாயை இறக்கி அடியிலிருந்து கை விட வேண்டியிருக்கலாம். முடிந்ததும் எஞ்சினை அணைத்த நிலையில் எல்லாக் கியரையும், முக்கியமாக ரிவர்ஸை, போட்டுப் பார்க்க வேண்டும். லிவர் கன்சோலில் முட்டினால் கியர் முழுதாக விழாது. ஓட்டத்தில் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

கூடவே விற்கும் அலுமினியக் குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. மாமல்லபுரத்தில் கத்திரி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து அதைப் பிடித்தவர் மறுநாளே தோல் உறை தேடுவார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதிசெய்தது. கியர் லிவரின் வீச்சு அந்தச் சான்றில் இடம்பெறும் விவரம் அல்ல. வாரண்டியின் கதை வேறு: கியர் பாக்ஸ் கோளாறு என்று போனால் சர்வீஸ் ஆலோசகரின் கண் முதலில் போவது லிவர் மீதுதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள், கழற்றிய பழைய லிவரையும் புஷ்ஷையும் கிரீஸ் தடவி, பையில் கட்டி, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வைக்கிறார்கள்.