வந்தோரால் வளர்ந்த ஊர்கள்

ஓர் ஊரின் ஜனத்தொகை இரு வழிகளில் பெருகும்: அங்கே பிறப்போரால் ஒன்று, வந்து சேர்வோரால் மற்றொன்று. சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூரும் ஆவடியும் பெரிதும் இரண்டாம் வழியில் வளர்ந்தவை என்பதை மாணவ நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இடப்பட்ட இருப்புப்பாதை இவ்வூர்களின் வழியே சென்றது. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம் இவை ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூர்களாகவே இருந்தன. இவற்றை நகரமாக்கியவை தொழில்களே. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தன. வேலை தேடிப் பல மாவட்டத்தாரும் குடியேறினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4,66,205 பேரும், ஆவடியில் 3,45,996 பேரும் இருந்தனர். அவ்வாண்டே அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. 2019-இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று.

வந்தவர்க்கெல்லாம் வீடு வேண்டுமன்றோ? வயல்களும் வாய்க்கால்களும் மனைகளாயின. அதன் விளைவு 2023 டிசம்பர்ப் புயல்மழையில் புலப்பட்டது. தொழிற்பேட்டையின் பல பகுதிகளே வெள்ளத்தில் மூழ்கின. ஆகவே, உங்கள் ஊரின் ஜனக்கணக்கைப் படிக்கும்போது, அதன் பழைய நிலப்படத்தையும் அருகில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வந்தனர் என்பதோடு, எத்தனை ஏரிகள் எஞ்சின என்பதும் அப்போது விளங்கும்.