சோர்ஸா, பேக்கேஜா? - ஒரு பொட்டி தட்டுறவனின் சரித்திரக் குறிப்பு

லினக்ஸ் சர்வர்ல ஒரு மென்பொருளை ஏத்த ரெண்டு வழி. சோர்ஸை இறக்கி நாமளே கம்பைல் பண்றது ஒண்ணு. டெபியனோ ரெட்ஹேட்டோ கம்பைல் பண்ணி வெச்ச பேக்கேஜை அப்படியே போட்டுக்கறது இன்னொண்ணு. எது ஒசத்தின்னு எங்க ஆளுங்களுக்குள்ள எப்பவும் குடுமிப்பிடி சண்டைதான். பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினா விஷயம் தெளிவாகும்னு எனக்குத் தோணுது.

ஆரம்பத்துல சோர்ஸ்தான் ராஜா. அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் வெப் சர்வர் எழுதினவர் 1994ல வேலையை விட்டுக் கிளம்பிட்டார். அதை ஓட்டிக்கிட்டிருந்தவங்க ஆளாளுக்குப் போட்ட ஒட்டுகளை ஒண்ணு சேர்த்தப்போ, 1995ல அப்பாச்சி பிறந்தது. சோர்ஸ் கையில இல்லேன்னா அப்பாச்சியே கிடையாது! அப்புறம் 1999ல டெபியன் 2.1 கூட 'ஆப்ட்' வந்தது. ஒரே கட்டளை, தேவையான லைப்ரரி எல்லாம் தானா வந்து இறங்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனா சௌகரியத்துக்கு ஒரு விலை இருந்தது. 2006ல டெபியன்காரங்க ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜ்ல, ஒரு எச்சரிக்கை வருதேன்னு சில வரிகளை நீக்கினாங்க. விளைவு, அதுல உருவாக்கின சாவிகள் எல்லாம் ஊகிக்கக் கூடியதா ஆயிடுச்சு. ஒரு வகை, ஒரு நீளம்னு எடுத்துக்கிட்டா சுமார் 32,768 சாவிதான் சாத்தியம். 2008 மே மாசம்தான் வெளியில தெரிஞ்சது. ஒரிஜினல் சோர்ஸை கம்பைல் பண்ணி சாவி உருவாக்கினவங்க தப்பிச்சாங்க.

"பாத்தியா, சோர்ஸ்தான் பெஸ்ட்"னு துள்ளாதீங்க. 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட். இந்த ஓட்டை ஒரிஜினல் சோர்ஸ்லயே இருந்தது. பேக்கேஜ் ஆளுங்களுக்கு ஓட்டையை அடைக்க ஒரு அப்டேட், ஒரு ரீஸ்டார்ட். சோர்ஸ் ஆளுங்களோ எந்த சர்வர்ல எதை எந்த ஆப்ஷனோட கட்டினோம்னு தேடணும். கட்டினவர் வேற கம்பெனிக்குத் தாவியிருந்தா சுத்தம்!

2024 மார்ச்ல எக்ஸ்இசட் கதை. லைப்ரரியைப் பராமரிச்சவங்கள்ல ஒருத்தரே 5.6.0, 5.6.1 வெளியீடுகள்ல விஷம் கலந்திருந்தார். டெப் இல்லேன்னா ஆர்பிஎம் பேக்கேஜா கட்டும்போது மட்டும் அது முழிச்சுக்கும். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டின ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்தான் பிடிச்சார். டெபியன், ரெட்ஹேட் ஸ்டேபிள் வெர்ஷன்களுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிச்சு.

மூணு கதையிலயும் ஜெயிச்ச கட்சி வேற வேற. அதனால வேகம், ஸ்டைல் எல்லாம் ஓரமா வெச்சுட்டு நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: நாளைக்கு ஓட்டை வந்தா யார் கண்முழிச்சு அடைக்கப்போறா? பேக்கேஜ்னா அந்த வேலையில பாதியை முகம் தெரியாத யாரோ நமக்காகச் செய்யறாங்க. சோர்ஸ்னா முழுக்க நம்ம தலையில. அதனால என் சர்வர்ல எல்லாமே பேக்கேஜ். பேக்கேஜ்ல கிடைக்காத வசதி நிஜமாவே வேணும்னா மட்டும் சோர்ஸ். அப்பவும் எந்த ஆப்ஷன்ல கட்டினேன்னு ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுடுவேன்.

நீங்க எந்தக் கட்சி மக்கா? :-)