விடிய விடியச் சொல்ல வேண்டிய சாவு

கணியாகுளம் நாகர்கோவிலை ஒட்டிய ஊர். 1635-இல் அங்கே நடந்த போரில் வேணாட்டு அமைச்சர் இரவிக்குட்டிப் பிள்ளை திருமலை நாயக்கரின் படையால் கொல்லப்பட்டார். சரித்திரப் புத்தகம் இதை இரண்டு வரியில் முடித்துவிடும். எங்கள் வில்லுப்பாட்டுக்கு ஒரு ராத்திரி வேண்டும். போருக்குக் கிளம்பும் மகனைத் தாய் மறிப்பாள். கண்ட கெட்ட கனவுகளைச் சொல்லி மனைவி மறிப்பாள். அவர் கேட்கமாட்டார். கூட இருந்தவர்களே கைவிட்டார்கள் என்ற இடத்துக்குப் பாட்டு வந்து சேரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் வில்லில் பாடும் கதைகளில் பல இப்படி அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள். அதே வேணாட்டில் மார்த்தாண்ட வர்மா 1729-இல் பட்டத்துக்கு வந்தார். மருமக்கள் வழியில் பட்டம் மருமகனுக்குத்தான். முந்தைய அரசரின் மக்களான வலிய தம்பியும் குஞ்சு தம்பியும் அவரை எதிர்த்து நின்றார்கள், கொல்லப்பட்டார்கள். வென்றவர் திருவிதாங்கூரை உருவாக்கிய மன்னராக வரலாற்றில் இருக்கிறார். தம்பிமார் இங்கே சாமியாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் படையல் உண்டு. முப்பந்தல் இசக்கியின் கதையில் வருபவள் நகைக்காகக் காதலனே கொன்றுபோட்ட பெண். முத்துப்பட்டன் சாதி விட்டுக் கல்யாணம் முடித்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் மாண்டவன். இவர்களில் யாருக்கும் அரண்மனையில் ஏடு எழுத ஆள் இல்லை. வில்லுக்காரர்கள்தான் எழுதி வைத்தார்கள், பாடியும் வைத்தார்கள்.

பனை வைரத்தில் செய்த வில், அதில் வரிசையாகக் கோத்த மணிகள், வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம். நடுவில் உட்காரும் புலவர் இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடித்துப் பாடுவார். வலத்தே இருப்பவர்களும் இடத்தே இருப்பவர்களும் வாங்கிப் பாடுவார்கள். உடுக்கு, தாளம், கட்டை கூடவே போகும். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று நிதானமாக ஏறித்தான் கதைக்குள் நுழைவார்கள். அவசரமே இருக்காது. சாமி பிறக்கிற இடமும் சாகிற இடமும் வரும்போதுதான் குடமும் உடுக்கும் வேகம் பிடிக்கும். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருவதும் அப்போதுதான். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதியில் தங்கி, பாட்டும் ஆட்டமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று ஆராய்ந்து 1988-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நம்மூர் ஆய்வாளர் அ.கா. பெருமாள் வாழ்நாளெல்லாம் இந்தக் கதை ஏடுகளுக்குப் பின்னால் அலைந்திருக்கிறார். அவர்கள் இல்லையென்றால் பல கதைகள் கரையானுக்குப் போயிருக்கும்.

எங்கள் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லு நடக்கும் ராத்திரி ஆச்சி பந்தல் ஓரம் பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். நான் சாய்ந்தால் உலுக்குவாள்: “உறங்காத மக்கா, தம்பிமாரைக் கொல்லப் போறாவ.” முடிவு தெரிந்தும் ஏன் முழித்திருந்தாள் என்பது இப்போது விளங்குகிறது. இழவு வீட்டில் பிணத்தைத் தனியே விடாமல் விடிய விடிய உட்கார்ந்திருப்போமே, அப்படித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார். அவர் சென்னைக்கு அழைத்துக்கொண்ட நெல்லைக்காரர் சுப்பு ஆறுமுகம் காந்தி கதையையும் நாட்டு நடப்பையும் வில்லில் பாடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் மேடைக்கும் வானொலிக்கும் ஏற்றபடி வில்லுப்பாட்டு சுருங்கியபோது சிரிப்பு கூடவே போனது, ஒப்பாரி இங்கேயே தங்கிவிட்டது. அதைத் தாங்கி நின்றவர்களில் ஒருவர் கொட்டாரம் பக்கத்துப் பூங்கனி அம்மாள். சிறுமியாக வில்லுக்கு முன் உட்கார்ந்து, ஊர் ஊராகக் கொடைகளில் பாடியவர். கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 2018-இல் காலமானார்.

இன்று தாமே எழுதி, மெட்டமைத்து, நாட்டார் சாயலில் நிதானமான ஆல்பம் வெளியிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். விரும்பிக் கேட்கிறேன். அவர்களிடம் ஒன்று கேட்க ஆசை: ஒரு முழுக் கொடை ராத்திரி வில்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு அடுத்த பாட்டை எழுதுங்கள். துக்கத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்பதை வேறெங்கும் இப்படிக் கற்க முடியாது.

கொடைக் கமிட்டிக்காரர்களிடமும் கேட்கிறேன். மெல்லிசைக் கச்சேரி வேண்டுமானால் வையுங்கள். வில்லுக்காரர்களை ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடாதீர்கள். கதை முடியும்வரை பாட விடுங்கள், முழு ராத்திரிக்கான கூலியைக் கொடுங்கள், அந்த ராத்திரியை முழுசாகப் பதிவுசெய்து ஊரில் ஒரு பிரதி வையுங்கள்.