பட்டுப்புழுவின் உடலில் மனிதப் புரதம்

மைசூரு சீமையில் பட்டுப்புழு வளர்ப்பு வேரூன்றியது திப்பு சுல்தான் காலத்தில். 1780-களில் அவர் வங்காளத்திலிருந்து புழுக்களைத் தருவித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வளர்க்க ஏற்பாடு செய்தார். காலப்போக்கில் இந்த மண்ணுக்கே உரியதாகிவிட்ட ‘தூய மைசூர்’ இனம் வெயிலைத் தாங்கும். ஆண்டு முழுக்கத் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். பச்சையோடிய மஞ்சள் கூடு கட்டும். 1912-ல் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் அரசுப் பட்டு நெசவாலை மைசூரில் தொடங்கியது. 1961-ல் மத்திய பட்டு வாரியத்தின் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் இதே ஊரில் அமைந்தது. இன்று வெண்பட்டு வளர்ப்போர் அறிந்த சி.எஸ்.ஆர். வரிசைக் கலப்பினங்கள் அங்கே உருவானவை.

பட்டு என்பதே புரதம்தான். ஐந்தாம் பருவத்தில் புழுவின் உடலை அடைத்துக்கொண்டு வளரும் பட்டுச் சுரப்பி, தின்ற மல்பெரி இலையை ஃபைப்ராயின், செரிசின் என்ற இரு புரதங்களாக மாற்றுகிறது. இந்தப் புழுவைக் கொண்டு மனிதப் புரதம் செய்யும் வழி மட்டும் அந்தச் சுரப்பியிலிருந்து முதலில் வரவில்லை. புழுவைக் கொல்லும் நோய் ஒன்றிலிருந்து வந்தது.

அந்த நோயின் பெயர் கிராசரி. தாக்கப்பட்ட புழுவின் தோல் உப்பிப் பளபளக்கும். கிழிந்தால் பால்போன்ற நீர் வடியும். அந்த நீரில் மிதக்கும் நுண்படிகங்களுக்குள் ஒரு பாக்குலோ வைரஸ் பத்திரமாக உறைந்திருக்கும். படிகம் ‘பாலிஹெட்ரின்’ என்ற புரதத்தால் ஆனது. நோய் முற்றும்போது உயிரணு வேறு வேலையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் புரதத்தையே மலைமலையாகச் செய்யும். ஆனால் ஓர் உயிரணுவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவ வைரசுக்குப் படிகம் தேவையில்லை. புழுவுக்கு வெளியே, இலையிலும் மண்ணிலும் தாக்குப்பிடிக்கத்தான் அது வேண்டும். எனவே பாலிஹெட்ரின் மரபணுவை நீக்கி அவ்விடத்தில் மனித மரபணு ஒன்றைப் பொருத்தினால், உயிரணு அதே மும்முரத்தோடு மனிதப் புரதத்தைச் செய்யும். மறுசேர்க்கைப் புரதம் என்பது இப்படி வேறோர் உயிரின் உடலில் செய்து எடுக்கப்படுவது.

1983-ல் அமெரிக்காவில் இம்முறையால் மனித பீட்டா இன்டர்ஃபெரான் என்ற புரதம் பூச்சி உயிரணுக்களில் செய்யப்பட்டது. 1985-ல் ஜப்பானில் சுசுமு மயேதாவும் சகாக்களும் கிராசரி வைரசையே கருவியாக்கி, உயிருள்ள பட்டுப்புழுவில் மனித ஆல்ஃபா இன்டர்ஃபெரானை எடுத்தார்கள். ஒரு புழுவுக்குச் சுமார் 50 மைக்ரோகிராம் கிடைத்தது.

இந்தியாவில் இவ்வேலை நடந்தது மைசூருக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். அங்கே கே. பி. கோபிநாதன் குழு, உள்ளூரில் கிடைத்த கிராசரி வைரசை ஆராய்ந்தது. மின்மினியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதியை முதலில் பட்டுப்புழுவில் செய்து பார்த்தது. 1996-ல் மனித வளர்ச்சி ஹார்மோனைச் செய்துகாட்டிய ஆய்வு வெளியாயிற்று. 191 அமினோ அமிலங்கள் கோத்த இந்த ஹார்மோன் ஒரு காலத்தில் இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் மூளையைச் சிதைக்கும் கொடிய நோய் பரவியது தெரிந்து, 1985-ல் அமெரிக்காவில் அம்முறை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் பாக்டீரியாவில் செய்த ஹார்மோன் சந்தைக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், சர்க்கரைச் சங்கிலி ஒட்டாத இந்த எளிய புரதத்துக்குப் பட்டுப்புழு கட்டாயமில்லை. சங்கிலி ஒட்டவேண்டிய சிக்கலான புரதங்களுக்கே பூச்சியின் உடல் கைகொடுக்கும். பெங்களூரு ஆய்வை ஒரு வெள்ளோட்டம் என்றே கொள்ளவேண்டும்.

வழி திறந்தும் தொழில் புழுவைத் தேடி வரவில்லை. ஒவ்வொரு புழுவுக்கும் வைரசை ஊசியால் ஏற்றவேண்டும்; அதன் உடல்நீரில் கலந்து கிடக்கும் நூறு புரதங்களிலிருந்து ஒன்றைப் பிரிக்கவேண்டும்; புழுவின் சொந்த நொதிகள் அதைச் சிதைக்காமலும் காக்கவேண்டும். ஜப்பானில் பூனைகளுக்கான இன்டர்ஃபெரான் மருந்து பட்டுப்புழுவிலிருந்து சந்தைக்கு வந்தது. 2003-ல் மனிதக் கொலாஜனின் ஒரு பகுதியைக் கூட்டிலேயே சுரக்கும் புழுவும் உருவாயிற்று. ஆனால் ஆய்வகங்களுக்கு மைக்ரோகிராம் கணக்கில், உறையவைத்து உலர்த்திய தூளாகக் குப்பியில் வரும் மனிதப் புரதங்கள் பெரும்பாலும் பாக்டீரியாவிலோ, பாலூட்டி உயிரணுக்களிலோ செய்யப்படுகின்றன. பூச்சியிலிருந்து வருபவற்றில் கணிசமானவை எஸ்.எஃப்.9 உயிரணுக்களில் பிறந்தவை. இவை மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் உயிரணுக்கள். 2018-ல் கர்நாடகத்தில்தான் அந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் உயிரணுக்களோ பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வகங்களில் குடியேறியிருந்தன.

மைசூரு வட்டாரத்தின் புழு வளர்ப்பு மனைகளில் கிராசரி வைரஸ் இன்றும் பகைதான். ஒவ்வொரு வளர்ப்பு முடிந்ததும் மனையைக் கிருமிநீக்கம் செய்கிறார்கள். தோலுரித்த புழுக்களின் மேல் மைசூரு நிறுவனம் உருவாக்கிய ‘விஜேதா’ தூளைத் தூவி, அதன்பின் இலை போடுகிறார்கள்.