அல்லூர் வெட்டிய மண்

மலேசியத் தமிழர்களின் தோட்ட வரலாற்றை நாம் எப்போதும் மரத்திலிருந்துதான் தொடங்குகிறோம். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள், 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள், அப்புறம் ரிட்லி, அப்புறம் 1910-ஐ ஒட்டிய விலையேற்றம், கப்பல், கங்காணி. நம் சிறுகதைகளும் விடியற்காலைப் பெரட்டில் ஆரம்பித்து, கத்தியும் வாளியுமாக நேராக நிரைக்குள் நுழைந்துவிடும். மரம் ஏற்கெனவே அங்கே நிற்கும்.

அந்த மரம் அங்கே நிற்பதற்கு முன்னால் ஒரு வேலை நடந்திருக்கிறது. மண்ணிலிருந்து தண்ணீரை வெளியே கொண்டுபோகும் வேலை. தோட்டத்துப் பேச்சில் சொன்னால், அல்லூர் வெட்டுவது. மலாய்ச் சொல்லான ‘ஆலூர்’ நம் வாயில் அல்லூர் ஆனது. ஈரம் வடியாத பள்ளத்தைப் ‘பாசாக்காடு’ என்போம். அதுவும் மலாய் ‘பாசா’தான், ஈரம் என்று பொருள். ஊரிலிருந்து வந்தவர்களிடம் வாய்க்கால், ஓடை, வரப்பு, மடை என்று தண்ணீருக்கான சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் இந்த இரண்டையும் மலாயிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஏன்? எனக்குத் தோன்றுவது இது: ஊர்ச் சொற்களில் பெரும்பாலானவை தண்ணீரை வயலுக்குக் கொண்டுவருவதற்கானவை. இங்கே செய்ய வேண்டியிருந்தது அதற்கு நேர் எதிரான காரியம். வராத தண்ணீருக்காக வானத்தைப் பார்த்தவர்கள், போகாத தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டுரைக்கு லாயாங் லாயாங்கை எடுத்துக்கொள்கிறேன். ஜொகூரில் குளுவாங்கிலிருந்து ரயில் பாதையோடு தெற்கே வந்தால் ரெங்கம், அடுத்து லாயாங் லாயாங், அப்புறம் செடெனாக், கூலாய். 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முழுமையடைந்த பிறகு அதன் இரு பக்கமும் தோட்டங்கள் பெருகின. சின்ன ஊர்தான். ஆனால் இந்த ஊரையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த மூன்று பெயர்கள் உலக நூல்களில் பதிந்திருக்கின்றன.

முதல் பெயர் போர் வரலாற்றில் இருக்கிறது. 1942 ஜனவரி 28 அன்று, ஒன்பதாவது இந்திய டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ லாயாங் லாயாங் அருகே ரயில் பாதையில் கொல்லப்பட்டார். துண்டிக்கப்பட்ட 22-ஆவது இந்தியப் பிரிகேட் காட்டுக்குள் வழி தேடி அலைந்து, கடைசியில் சரணடைந்தது. மலாயாப் போர் பற்றிய நூல்களில் இந்த ஊர் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தில்தான்.

இரண்டாவது செம்பனை வரலாற்றில். லாயாங் லாயாங் பகுதியில்தான் உலு ரெமிஸ் தோட்டம் இருக்கிறது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளின் வழிவந்த ‘டெலி’ வகைப் பனைகளில் ஒரு கிளை இந்தத் தோட்டத்தின் பெயரோடு வழங்குகிறது. செம்பனை விதை ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு உலு ரெமிஸ் தெரிந்த பெயர்.

மூன்றாவது மண்ணின் பெயர். மண் ஆய்வாளர்கள் ஒரு மண்வகையை முதலில் விவரித்த இடத்தின் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். தீபகற்பத்தில் கருங்கல் பாறை மக்கி உண்டான, பரவலாகக் காணப்படும் மண்ணுக்கு ‘ரெங்கம்’ என்று பெயர். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர் காதில் அது ஸ்ரீரெங்கமாகத்தான் விழும். உண்மையில் அது லாயாங் லாயாங்கை அடுத்த ரயில் நிலையம்.

தளபதி, பனை, மண். மூன்றுக்கும் பெயர் இருக்கிறது. அல்லூருக்கு மட்டும் இல்லை.

ரெங்கம் மண்ணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், கையில் எடுத்தால் களிமண், நடுவில் பரலாகக் குவார்ட்ஸ் மணல். புளிப்பு அதிகம், சத்து குறைவு. ஆனால் ஆழமானது, தண்ணீரை நன்றாக உள்ளே விடும். களிமண் என்றால் தண்ணீர் தேங்கும் என்பதுதானே நம் பொது அறிவு? இங்கே அப்படி இல்லை. நெடுங்காலமாக வெயிலிலும் மழையிலும் மக்கியதில் களித்துகள்கள் இரும்போடு ஒட்டிச் சிறு சிறு உருண்டைகளாகி, இடையில் வழி விட்டிருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான மண் உலகின் வடக்கில் இருக்கிறது. பனிப்பாளங்கள் ஒரு காலத்தில் வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடியிருந்தன. அவை நகர்ந்தபோது அரைத்துப்போட்ட கல்லும் மணலும் களியும் சேர்ந்த படிவின் மேல் உருவான கலவைமண் அது. மணல், வண்டல், களி மூன்றும் அளவாகக் கலந்த, விவசாயிகள் விரும்பும் மண். ஆனால் பல இடங்களில் தண்ணீர் வடியாது. மேலே மண் இளகலாக இருந்தாலும், பனிப்பாளத்தின் எடையால் அழுத்தப்பட்ட அடிப்படிவு தளம்போட்ட மாதிரி இறுகிக் கிடக்கும். மழைநீரும் பனிநீரும் அதன் மேலேயே நின்றுவிடும்.

ஆக, களிமண் தண்ணீரை விடுகிறது, நல்ல கலவைமண் பிடித்துவைத்துக்கொள்கிறது. மண்ணின் குணம் அது என்ன பொருள் என்பதில் மட்டும் இல்லை, அதற்கு என்ன நேர்ந்தது என்பதிலும் இருக்கிறது. மண்ணுக்கும் வரலாறு உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

தேங்கிய தண்ணீரை இரு நாட்டிலும் ஒரே அடையாளத்தால் கண்டுபிடிக்கிறார்கள்: நிறம். காற்று போய்வரும் மண்ணில் இரும்பு துருப்பிடித்துச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். தண்ணீர் நின்று காற்று அற்றுப்போனால் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும். மண் வெளிறிச் சாம்பலாகும். தண்ணீர் ஏறி ஏறி இறங்கும் இடமென்றால் சாம்பலில் துருப்புள்ளிகள் விழும். லாயாங் லாயாங் மேட்டில் மஞ்சள் மண், பள்ளத்தில் சாம்பல் மண். மேட்டு ரெங்கத்திலிருந்து இறங்கிப் பாசாக்காட்டுக்கு வந்துவிட்டோம் என்பதை மண்வெட்டியின் முதல் வெட்டே சொல்லிவிடும். ஓஹாயோவில் குழி தோண்டுபவரும் இதே நிறத்தைத்தான் தேடுகிறார். பாசாவில் ரப்பர் நட்டால் ஆணிவேர் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்காது. காற்றடித்தால் மரம் சாயும். அதனால்தான் அல்லூர்.

வடக்கில் இந்த வேலைக்கு ஒரு நாயகன் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவுக்குக் குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் என்ற விவசாயி, 1835-இல் சுட்டமண் குழாயின் மாதிரியை ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்தார். அதைப் பார்த்துச் செய்த குழாய்களைத் தன் ஈர நிலத்தின் அடியில் புதைத்தார். பானையைப் போய்ப் புதைக்கிறானே என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள், கோதுமை விளைந்ததும் பின்பற்றினார்கள். அமெரிக்க விவசாய வரலாற்றில் அவருக்குத் தனி இடம் இருக்கிறது.

அதே குழாய் மலாயாவுக்கும் வந்தது. ஆனால் இங்கே அது வேறு காரியத்துக்காகப் புதைக்கப்பட்டது.

மலேரியாவைக் கொசுதான் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-இல் செக்கந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், கிள்ளானில் மருத்துவரான மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகட்டி நோயைக் குறைத்துக் காட்டினார். கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பியது நிழலான சதுப்பில் முட்டையிடும் அனோஃபிலிஸ் அம்ப்ரோசஸ். காட்டை வெட்டி, அல்லூர் போட்டால் அது ஒழிந்தது. வெற்றி கண்ட வழியை மேட்டுத் தோட்டங்களிலும் செய்தார்கள். அங்கே நோய் குறையவில்லை.

மேட்டில் இருந்தது வேறு கொசு: அனோஃபிலிஸ் மாக்குலாடஸ். அதற்குச் சதுப்பும் நிழலும் வேண்டாம். வெயில் படுகிற, மெல்ல ஓடுகிற தெளிந்த நீர் போதும். காட்டை அழித்து வெயிலை உள்ளே விட்டு, பள்ளத்தில் திறந்த அல்லூர் வெட்டினால், அந்தக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டித் தந்த மாதிரி. ரெங்கம் போன்ற மண்ணின் நல்ல குணமே இங்கே வினையானது. மேட்டில் விழுந்த மழையை அது வடிகட்டி இறக்குகிறது; அந்த நீர் மலையடியில் கண்ணாடி போலத் தெளிந்த ஊற்றாகக் கசிகிறது. மரத்துக்கு நல்ல மண் அது. அடிவாரத்து லயத்தில் படுத்துறங்கியவர்களுக்கு அப்படி இல்லை.

கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-இல் ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில மேட்டுத் தோட்டங்களில் நிலைமை இதைவிடப் பல மடங்கு மோசம். முதன்மைக் காரணங்களில் ஒன்று மலேரியா. ஜொகூர் அந்தக் கூட்டரசுக்கு வெளியே இருந்த மாநிலம். அந்தக் கணக்கில் அது சேராது. ஆனால் மேடும் ஊற்றும் கொசுவும் எல்லைக்கல் பார்த்து நிற்பதில்லை. பிறகுதான் மேட்டுப் பள்ளங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாயில் விடும் முறையும், திறந்த நீரில் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தன. பனிப்பாள மண்ணில் கோதுமைக்காகப் பெயர்பெற்ற குழாய், இங்கே ஆள் சாகாமல் இருக்கப் புதைக்கப்பட்டது. இன்னும் சரியாகச் சொன்னால், வேலைக்கு ஆள் குறையாமல் இருக்க.

வாட்சன் பெரிய மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சமவெளிக்கு ஒரு வழி, மேட்டுக்கு இன்னொரு வழி என்ற அறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறக்கவில்லை. எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற பதிவேட்டை வைத்தும் பிறந்தது. அதில் பெரும்பகுதி நம் ஆட்கள். அவர்கள் அதில் எண்ணாக மட்டும் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காடு வெட்டியதிலும் பெரிய அல்லூர்கள் தோண்டியதிலும் சீனக் குத்தகையாட்களும் ஜாவாக்காரர்களும் பஞ்சார் மக்களும் இருந்தார்கள். ‘இந்த நாட்டைத் தனியாகக் கட்டியவர்கள் நாம்தான்’ என்று மேடையில் முழங்குவது கைத்தட்டலுக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. இன்னொரு பக்கம், தமிழர் இந்த மண்ணைச் சங்குலால் மட்டும் தொட்டார்கள் என்பதும் பாதி உண்மையே. மலாயாவின் 1968-ஆம் ஆண்டு மண் வரைபடத்தை ஆக்கிய இருவரில் ஒருவர் லா வெய் மின், மற்றவர் கே. செல்வதுரை. மலேசிய மண்வகைகளை அடையாளம் காண இன்று பலரும் புரட்டும் நூலை எழுதியவர் எஸ். பரமானந்தன். வெட்டிய கையும் வரைந்த கையும் நம் வரலாற்றில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து நாம் இன்னும் எழுதவில்லை.

இப்போது அவசரம் எதற்கு என்று கேட்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் ஜொகூரை வெள்ளம் மூழ்கடித்தபோது குளுவாங் மாவட்டமும் தப்பவில்லை. எந்தப் பள்ளம் எப்போது நிரம்பும், எந்த அல்லூர் எந்த ஆற்றில் சேரும் என்பதை மாவட்ட வரைபடத்தை விடத் துல்லியமாக அறிந்தவர்கள் தோட்டத்துப் பெரியவர்கள். அந்த அறிவு எங்கும் எழுதப்படவில்லை. அவர்களோடேயே போய்க்கொண்டிருக்கிறது.

நம்மில் பலர் இப்போது தாத்தா பாட்டிகளின் கதைகளைக் கைப்பேசியில் பதிவு செய்கிறோம். நல்ல காரியம். ஆனால் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன: எப்படி வந்தீங்க, எவ்வளவு சம்பளம், துரை அடிப்பாரா, ஜப்பான்காரன் காலத்துல என்ன சாப்பிட்டீங்க. இவற்றோடு இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்வோம். எந்த நிரை பாசா? அங்க மண்ணு என்ன நிறம்? அல்லூரை யாரு வெட்டுனாங்க, எத்தனை அடி ஆழம்? மழைக்காலத்துல லயத்துக்குள்ள தண்ணி எதுவரைக்கும் வரும்? அந்தக் காட்டுக்கு நீங்க என்ன பேரு வெச்சிருந்தீங்க?

கடைசிக் கேள்வியை மட்டும் மறந்துவிட வேண்டாம். ரெங்கம் என்ற பெயரை மண்ணுக்கு வைத்தவர்கள் அதை எழுதிவைத்தார்கள், அதனால் அது இருக்கிறது. நம் ஆட்களும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.