இரண்டரைச் சதமும் ஒரு கிற்றாரும்: மடி வோற்றர்ஸ் பற்றிச் சில குறிப்புகள்

ஊரில் நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் அமெரிக்க வரலாறும் எனக்குத் தரப்பட்ட பாடங்களில் ஒன்று. உள்நாட்டுப் போர், 1863இன் விடுதலைப் பிரகடனம், 1865இன் பதின்மூன்றாவது திருத்தம் என்று வரிசையாகச் சொல்வேன். அடிமைமுறை ஒழிந்தது என்று கரும்பலகையில் எழுதி, அடியில் ஒரு கோடும் கீறிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவேன். விடுதலை பெற்ற மனிதர் மறுநாட் காலை யாருடைய நிலத்தில் வேலைக்கு நின்றார், என்ன கூலி வாங்கினார் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது இங்கே, தொழிற்சாலையில். இரவு வேலையில் என்னோடு நின்று பொதி கட்டும் ஒருவர் இடைவேளைகளில் ஒரே பாடகரின் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். யார் என்று கேட்டேன். மடி வோற்றர்ஸ் என்றார். "இந்த ஆளும் எங்களைப்போல ஆலையில் நின்றவர்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

மக்கின்லி மோர்கன்பீல்ட் என்பது அவரது இயற்பெயர். மிசிசிப்பி மாநிலத்தில் 1913இல் பிறந்தவர். 1915 என்றே அவர் சொல்லிவந்தார். குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துபோகப் பாட்டிதான் வளர்த்தார். சேற்றுத் தண்ணீரில் விளையாடித் திரிந்ததால் வந்த பட்டப்பெயரே பின்னாளில் உலகம் அறிந்த பெயராயிற்று. கிளாக்ஸ்டேல் நகருக்கு அருகிலிருந்த ஸ்ரோவால் பருத்திப் பண்ணையில் அவரது இளமை கழிந்தது.

அடிமைமுறைக்குப் பின் அங்கே வந்தது வாரக்குடி முறை. நிலம் பண்ணை முதலாளியுடையது. விதை, உணவு, உடுப்பு எல்லாம் பண்ணைக் கடையில் கடனுக்கு. அறுவடை முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை விரிப்பவரும் முதலாளியே. வருடம் முழுவதும் உழைத்த குடும்பம் கடைசியில் கடனாளியாகவே நிற்கும். சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். நான் கரும்பலகையில் கோடு கீறிய இடம் இதுதான்.

புளூஸ் இசை வளர்ந்தது இந்த நிலத்தில்தான். மோர்கன்பீல்ட் முதலில் மவுத் ஓர்கன் வாசித்தார். பதினேழு வயதளவில் கிற்றாருக்கு மாறினார். சன் ஹவுஸ் என்ற மூத்த கலைஞர் ஓரிடத்தில் நாலு கிழமை வாசித்தபோது ஓர் இரவும் தவறாமல் போய்ப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போத்தற் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிக்கும் முறை அங்கிருந்து வந்தது. கம்பி அழுவது போலவும் பேசுவது போலவும் ஒலிக்கும். 1938இல் இளவயதில் இறந்துபோன றொபேட் ஜோன்சனின் இசைத்தட்டுகள் அவரது மற்றப் பள்ளிக்கூடம்.

2

1941 ஆகஸ்டில் இருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்ரோவாலுக்கு வந்தார்கள். ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அலன் லோமக்ஸ். மற்றவர் கறுப்பின மக்களின் பிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வேர்க். கள்ளச்சாராயம் பிடிக்க வந்த அரசாங்க ஆட்களோ என்று மடி முதலில் பயந்தார். அந்த வியாபாரமும் அவருக்கு இருந்தது. பிறகு பாடினார். பதிவைத் திரும்பப் போட்டபோது தன் குரலைத் தானே முதன்முறையாகக் கேட்டார். தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் லோமக்ஸின் பெயரே நெடுங்காலம் நிலைத்தது. லோமக்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் ஜோன் வேர்க்குக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. வேர்க்கும் அவரது சக ஆய்வாளர்களும் எழுதிவைத்தவை நூலாக வெளிவர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பண்ணையில் மட்டுமல்ல, ஆய்வுலகிலும் கணக்குப் புத்தகம் யாருடைய கையில் என்பது முக்கியம்.

3

1943இல் மடி ஸ்ரோவாலில் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். மணித்தியாலத்துக்கு 22.5 சதம் கூலி. அதை 25 சதமாக்கும்படி கேட்டார். மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். மணிக்கணக்கில் கூலி வாங்குகிற எவருக்கும் அந்த இரண்டரைச் சதத்தின் நிறை விளங்கும். சில நாட்களில் ஒரு பெட்டியோடும் கிற்றாரோடும் சிக்காகோவுக்கு ரயில் ஏறினார்.

அவர் தனியாகப் போகவில்லை. முதலாம் உலகப்போர்க் காலம் தொடங்கி 1970 வரை சுமார் அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வெளியேறினார்கள். 1944இல் கிளாக்ஸ்டேலுக்கு அருகிலுள்ள ஹொப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பொதி பருத்தியைக் கையால் பறிக்க 39.41 டொலர், இயந்திரத்தால் 5.26 டொலர். ஓர் இயந்திரம் ஐம்பது பேரின் வேலையைச் செய்தது. கடனால் நிலத்தோடு கட்டப்பட்டிருந்த மக்கள் திடீரென்று தேவையற்றவர்களானார்கள்.

சிக்காகோவில் மடி காகித ஆலையில் வேலை செய்தார்; பின்னர் சன்னல் மறைப்புகள் கொண்டுபோகும் பாரவூர்தி ஓட்டினார். இரவில் மதுச்சாலைகளில் வாசித்தார். ஊர்க் கிற்றார் அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. எனவே மின் கிற்றாருக்கு மாறினார். பெரிய கலைக் கோட்பாடு எதுவும் காரணமல்ல; கேட்க வேண்டும் என்பதுதான் காரணம். ஆனால் போத்தற் கழுத்தின் அழுகை மின்சாரத்தில் ஏறியபோது புதிதாக ஒன்று பிறந்தது. 1948இல் வந்த இசைத்தட்டின் முதற்பதிப்பு ஓரிரு நாட்களில் தீர்ந்துபோய், பாடியவருக்கே ஒரு பிரதி வாங்குவது கஷ்டமாயிற்று. வாங்கியவர்கள் யார்? அதே ரயிலில் வந்தவர்கள்.

4

குழுத்தலைவராக அவரது பங்கு கிற்றார் வாசிப்பைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. லிற்றில் வோல்ற்றர் (மவுத் ஓர்கன்), ஜிம்மி றோஜர்ஸ் (இரண்டாம் கிற்றார்), ஓற்றிஸ் ஸ்பான் (பியானோ) ஆகியோரோடு 1950களில் அவர் அமைத்த குழுவின் வடிவமே பின்வந்த பல றொக் குழுக்களுக்கு அடித்தளம். வில்லி டிக்சன் எழுதிய பாடல்கள் 1954இலிருந்து அக்குழுவின் புகழை உயர்த்தின.

1952இல் லிற்றில் வோல்ற்றரின் சொந்த இசைத்தட்டு முதலிடத்துக்குப் போனது. அவர் குழுவைவிட்டு விலகினார். மடி பகை பாராட்டவில்லை. வோல்ற்றர் ஒலிப்பதிவுகளில் தொடர்ந்து அவரோடு வாசித்தார். ஓற்றிஸ் ஸ்பான் மடியின் வீட்டு நிலவறையிலேயே குடியிருந்தார். 1955இல் தன்னைத் தேடிவந்த சக் பெரி என்ற இளைஞரைத் தனது இசைத்தட்டுக் கம்பனிக்கு அனுப்பிவைத்தவரும் மடியே. ஒருவர் வளர்ந்து பிரிந்தால் துரோகி என்று பெயர் சூட்டும் எமது அமைப்புகளில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

5

1958இல் அவர் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். அங்குள்ள ரசிகர்களுக்குப் புளூஸ் என்றால் பிக் பில் புறூன்சி. தனியாக இருந்து சாதாரணக் கிற்றாரோடு பாடும் எளிய உழவர். அதே புறூன்சி 1930களிலேயே சிக்காகோவில் பியானோ, மேளம் சகிதம் பதிவு செய்தவர் என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மடியின் மின் கிற்றார் அலறுகிறது என்று சில விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். 1963இல் மீண்டும் சென்றபோது அவர் மரியாதையாகச் சாதாரணக் கிற்றாரைக் கொண்டுபோனார். இப்போது இளைஞர்கள் மின் கிற்றார் எங்கே என்று கேட்டார்கள்! அதற்கு முன்னைய வருடந்தான் லண்டனில் சில இளைஞர்கள் அவரது 1950ஆம் ஆண்டுப் பாடலொன்றின் தலைப்பைத் தமது குழுவுக்குப் பெயராக எடுத்திருந்தார்கள்: றோலிங் ஸ்ரோன்ஸ்.

தூய்மை என்பதை வரையறுத்தவர்கள் பருத்தி வயலில் நின்றவர்கள் அல்லர், வெளியே இருந்து பார்த்தவர்கள். எமது பிள்ளைகள் கூத்துப் பாட்டுக்கு மின்னிசை சேர்த்தபோது மண்டபத்தில் முதல் ஆளாக முகம் சுளித்தவன் நான். அன்று நான் அந்த இங்கிலாந்து விமர்சகரின் கதிரையில் இருந்தேன் என்பது இப்போது விளங்குகிறது.

6

மடியின் இசைத்தட்டுகளை வெளியிட்டது செஸ் நிறுவனம். நடத்திய லியோனாட், பில் சகோதரர்களும் குடியேறிகள். அன்றைய போலந்திலிருந்து 1928இல் வந்த யூதர்கள். அவர்கள் இல்லாமல் இந்த இசை பதிவாகியிராது என்பதை மறுக்க முடியாது. பணம் வேண்டுமென்றால் கொடுப்பார்கள், காரும் வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் எவ்வளவு விற்றது, எவ்வளவு உரியது என்ற கணக்கு அவர்களிடமே இருந்தது. பண்ணைக் கடையை நினைவூட்டவில்லையா? லியோனாட் மீது மடிக்கு உண்மையான பாசம் இருந்தது என்பதும் உண்மை. பாசத்துக்கும் சுரண்டலுக்கும் நடுவே சுவர் இல்லை. 1976இல் மடியும் வில்லி டிக்சனும் பாடல் உரிமைக்காக அந்த நிறுவனத்தின் பதிப்புக் கம்பனிமீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அப்போது மடிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது.

1969இல் பயங்கரமான கார் விபத்தில் சிக்கிப் பல மாதம் படுக்கையில் கிடந்தவர், 1977இல் ஜோனி வின்ரர் தயாரித்த இசைத்தட்டோடு மீண்டும் எழுந்தார். 1983 ஏப்ரல் 30இல் இறந்தார். ஸ்ரோவாலில் அவர் வாழ்ந்த மரக்குடிலின் மிச்சம் இன்று கிளாக்ஸ்டேல் அரும்பொருட் காட்சியகத்தில் இருக்கிறது. 22.5 சதத்துக்கு மேல் கொடுக்க மறுத்த நிலம், அவர் விட்டுப்போன பலகைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

மறுபடி வகுப்பெடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கப்போவதில்லை. கிடைத்தால் 1865இல் கோடு கீறமாட்டேன். கணக்குப் புத்தகத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவேன். எமது கலைகளும் எமது வரலாறும் பற்றிப் பேசும்போது தூய்மையை முதலில் கேட்பதா, கணக்கை முதலில் கேட்பதா? நான் என் பக்கத்தைச் சொல்லிவிட்டேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும்.